குடிக்காத வீடு

ஜூன் 11, புதன்

மழை பிடித்துக்கொண்டது. கோத்தகிரியிலிருந்து சோலைக்கொம்பை எஸ்டேட்டுக்கு வரும் பஸ் இன்றும் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றது. மீதித் தூரம் நானும் குடையும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தோம். குடை தோற்றது.

வகுப்பு பழைய பிள்ளைக்காம்பராவில் நடக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போவதற்காகக் கட்டிய அறை. இலங்கையிலிருந்து திரும்பி வந்து இங்கே குடியேறியவர்கள் அந்தப் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது அங்கே கைக்குழந்தைகள் இல்லை. எட்டு ஒன்பது வயதாகியும் சொன்னதை அடுத்த நிமிடமே மறக்கிற, காரணமில்லாமல் கத்துகிற, ஓர் இடத்தில் உட்கார முடியாத என் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு மண்டு என்று பெயர். நான் அந்த வார்த்தையைச் சொன்ன வாத்தியாரிடம் பேசுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது.

கோத்தகிரி ஆஃபீஸுக்குத் திரும்பி வந்தால் டெல்லியிலிருந்து கடிதம். எங்கள் ஆய்வை நடத்தும் டாக்டர் இஸ்மத் பேகம் அதை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி இல்லை.

"படி, உமையா."

படித்தேன். உங்கள் ஆய்வுக்கு நிதி தொடருமா என்பது ஆகஸ்டில் நேரில் வந்து பார்த்த பிறகு. இடைக்கால அறிக்கை திருப்தி தரவில்லை. இதைச் சொல்ல நான்கு பக்கம்.

ஜூன் 12, வியாழன்

அந்தக் கடிதத்தில் உள்ளதை எனக்கே புரியும்படி எழுதிப் பார்க்கிறேன்.

கர்ப்பமாக இருக்கும் பெண்ணின் உடம்பில் சேரும் மது, வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளையைத் தொட்டுவிடுகிறது. அந்தக் குழந்தைகள் சிலருக்கு முகத்திலேயே அடையாளம் தெரியும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் இருக்காது, மேலுதடு மெல்லிசாக இருக்கும், கண் சின்னதாக இருக்கும். இதைத் தடுப்பது எப்படி, பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்பதுதான் எங்கள் ஆய்வு. பின்னதற்காகத்தான் என் புதன்கிழமை வகுப்பு.

எஸ்டேட் பள்ளியில் பின்தங்கிய பிள்ளைகளைச் சேர்த்தோம். குடிக்கும் வீடு, குடிக்காத வீடு என்று இரண்டாகப் பிரித்தோம். முகத்தை அளந்தவர்களுக்கு எந்தப் பிள்ளை எந்த வீடு என்று தெரியாது. அந்த முகம் குடிக்கும் வீட்டில்தான் இருக்க வேண்டும். இரண்டிலும் இருக்கிறது. அப்புறம் குடிப்பழக்கத்துக்கும் பிள்ளையின் குறைக்கும் என்ன சம்பந்தம் என்று டெல்லிக்காரர்கள் கேட்கிறார்கள். கேட்கத்தானே செய்வார்கள்.

நிதி நின்றால் வகுப்பும் நிற்கும். சென்னையில் ஒரு தனியார் மையத்தில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்ன, நான் பிழைத்துக்கொள்வேன்.

ஜூன் 18, புதன்

பிள்ளைகளில் எனக்கு ஒருத்தி உசத்தி, ஒருத்தி மட்டம் என்று கிடையாது. நிரோஷாவைப் பற்றி அதிகம் எழுதுகிறேன் என்றால் அவள் அதிகம் படுத்துகிறாள், அவ்வளவுதான். இன்று பந்து உருட்டும் விளையாட்டில் தன் முறை வரும்வரை பொறுக்காமல் பக்கத்துப் பையன் கையைக் கடித்துவிட்டாள். பிறகு அவனைவிடச் சத்தமாக அழுதாள்.

அவளைக் கொண்டுவந்து விடுவது அவள் அப்பா பொன்னுத்துரை. தேயிலை ஃபாக்டரியில் உலர்த்தும் இடத்தில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி வருகிறார். இந்த லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசையில், குடிக்காத ஆண்கள் என்று எண்ணினால் முதலில் சொல்லும் பெயர் அவருடையது. அவருடைய அப்பா குடித்தே செத்தாராம். அதனால் சாராயம் நாக்கில் பட்டதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் "சாமியாரே" என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறார்கள். சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

"இவளுக்கு முந்தி ஒன்னு மழைக்காலத்துல வயித்துலயே போயிருச்சு டீச்சர். குளிர் ஏறிருச்சுன்னு சொன்னாங்க. அதனால இவ வயித்துல இருக்கறப்ப இவ அம்மா யோகேஸ கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டேன். ஒரு நாள் அவ உடம்பு சூடு குறைய விட்டதில்ல. அப்படிப் பாத்தும் பாப்பா இப்படி வந்துருச்சு. எங்க தலையெழுத்து."

இப்படி ஒரு புருஷன் எனக்கு வாய்த்திருந்தால் நான் காரைக்குடியை விட்டு இத்தனை தூரம் வந்து மலையேறியிருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சரி, அது வேறு கதை.

ஜூன் 21, சனி

கடைத்தெருவில் சிறுபிள்ளைகளுக்கான மழைக்கோட்டு தள்ளுபடியில் போட்டிருந்தான். மஞ்சள் நிறத்தில் ஒன்று வாங்கினேன். சும்மா கிடக்கட்டும் என்றுதான்.

ஜூன் 25, புதன்

தொண்டை கட்டிக்கொண்டது. வகுப்பில் என் குரல் தவளை மாதிரி வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நிரோஷா என்னைப் போலவே கரகரவென்று பேசிக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தாள்.

மஞ்சள் கோட்டு அவளுக்குச் சரியாக இருந்தது.

இன்று அவளை அழைத்துப் போக அம்மா யோகேஸ்வரி வந்தாள். கொழுந்துக்காட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் குரலைக் கேட்டதும் பதறிப்போனாள்.

"என்னா டீச்சர், இப்படி விட்டுட்டீங்க. வீட்டுக்கு வாங்க. சுடுதண்ணியில மொளகு தட்டிப்போட்டு கொஞ்சம் பிராந்தி ஊத்தித் தர்றேன். காலையில சரியாயிரும். எங்க வீட்டுக்காரர் மருந்துக்குன்னு எப்பவும் வாங்கி வச்சிருப்பார். நான் மாசமா இருந்தப்ப அந்த மழையில அதுலதான பொழச்சேன்."

வேண்டாம், வாசனையே ஆகாது என்றேன்.

"எனக்கும் ஆகாதுதான்" என்று சிரித்தாள்.

பஸ் கிடைக்கவில்லை. ஜீப் ஒன்றில் ஏறி வந்து சேர்ந்தேன். மிளகு ரசம் வைத்துக் குடித்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

ஜூன் 26, வியாழன்

காய்ச்சல். லீவு. சென்னைக்காரர்கள் போன் செய்தார்கள். குரல் இல்லை என்பதால் எடுக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆஃபீஸுக்குப் போனேன்.

டாக்டர் இஸ்மத் பிள்ளைகளின் முகப்படங்களைப் பெயரில்லாமல் மேஜையில் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"இந்த முகத்துக்கு வேற காரணம் சொல்ல எனக்குத் தெரியல, உமையா. முப்பது வருஷமா குழந்தைங்களைப் பாக்கறேன். இது எந்த வீடு?"

பார்த்தேன். நிரோஷா.

"குடிக்காத வீடு டாக்டர். அவங்கப்பா தொடவே மாட்டார்."

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. மிளகு தட்டிப்போட்ட சுடுதண்ணீர் ஞாபகம் வந்துவிட்டது. புதன்கிழமை அவள் சொன்னதை நான் காதால் கேட்டேன், வீட்டுக்கு வந்து கையால் எழுதினேன், மூளைக்குள் போகவே இல்லை. மருந்து என்றால் அது வேறு கணக்கில் போய்விடுகிறது. எனக்கே போய்விட்டது.

டாக்டரிடம் சொன்னேன். பழைய கேள்வித்தாளை எடுத்துப் புரட்டினார். பிறகு, "நாம யாரைக் கேட்டோம்?" என்றார்.

அதுதான் விஷயம். ஒரு பொம்பளையிடம் போய் நீ குடிப்பாயா என்று இந்த ஊரில் எப்படிக் கேட்பது? கேட்டால் அடுத்த முறை கதவு திறக்காது. அதனால் மரியாதையாகப் புருஷனிடம்தான் முதலில் கேட்டோம். அவர் குடிப்பேன் என்றால் மட்டும் பெண்ணைத் தனியே கூப்பிட்டு விசாரித்தோம். அவர் தொடமாட்டேன் என்றால் பெண்ணைக் கேட்கவே இல்லை. குடிக்காதவர் வீட்டுப் பெண்ணிடம் அந்தக் கேள்வியே அவமானம் என்று எஸ்டேட் நர்ஸ் கிளாரா சொன்னார், நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். டெல்லியிலிருந்து ஒருத்தர் வந்து செய்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. அவருக்கு இவ்வளவு மரியாதை தெரிந்திருக்காது.

ஜூலை 4, வெள்ளி

கிளாரா சிஸ்டர் இந்த வாரம் முழுக்க குடிக்காத வீடுகளுக்குத் தனியாகப் போனார். ஆண்கள் ஃபாக்டரிக்குப் போன நேரம் பார்த்து. குடிப்பாயா என்று கேட்கவில்லை. மாசமாக இருந்தபோது குளிருக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

பாதி வீட்டுக்குமேல் அதே பதில். பிராந்தி. சிலர் அதில் முட்டை அடித்து ஊற்றுவார்களாம். யாரும் மறைக்கவில்லை. என் புருஷன் எனக்குச் செய்தார் என்று பெருமையாகச் சொன்னார்களாம். குடிகாரன் வாங்கினால் அவனே குடித்துவிடுவான். குடிக்காதவன் வாங்கினது முழுக்கப் பொண்டாட்டிக்குத்தான் போயிருக்கிறது. எவன் அதிகம் அக்கறையாகப் பார்த்துக்கொண்டானோ அவன் வீட்டில்தான் அதிகம்.

டாக்டருக்கு ஆய்வு பிழைத்துவிட்டது என்று ஒரு பக்கம் ஆறுதல். அந்த ஆறுதலைக் காட்டிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது என்று அவரே சொன்னார்.

ஜூலை 9, புதன்

யோகேஸ்வரிக்குச் சொல்லியாகிவிட்டது.

பெற்றவர்களுக்குத் தெரியாமல் பிள்ளையின் விவரத்தை மாற்றி எழுதக்கூடாது என்பது டாக்டரின் கறார். அதனால் வகுப்பு முடிந்ததும் அவளை உள்ளே உட்காரவைத்தோம். டாக்டர்தான் பேசினார். மெதுவாக, ஒரு வார்த்தைகூடப் பெரிதாக இல்லாமல். உங்கள்மேல் தப்பு இல்லை, யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, டிஸ்பென்சரி சுவரில் கொசுவுக்குப் படம் இருக்கிறது, புகையிலைக்குப் படம் இருக்கிறது, இதற்கு இல்லை, அது எங்கள் தப்பு என்றார்.

அவள் அழுவாள் என்று தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் வைத்திருந்தேன். அழவில்லை. ஜன்னல் வழியே நிரோஷா செருப்பைக் கால் மாற்றிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலம்மா."

"சொல்லாதீங்க."

டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை.

"நானே வாங்கிக் குடிச்சேன்னு எழுதிக்கங்க. அவருக்குத் தெரியாம, ஆசைக்குக் குடிச்சேன்னு எழுதிக்கங்க. லயத்துல என்னா வேணா பேசட்டும். இது அவருக்குத் தெரிஞ்சா மனுசன் உசுரோட இருக்க மாட்டாரு."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இந்த லயத்தில் ஒரு பெண்ணுக்குக் குடிகாரி என்று பெயர் வந்தால் அப்புறம் அவள் பெண்ணுக்குக் கல்யாணம் வரை அது பின்னாலேயே வரும். அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டாள்.

பொய் எழுத முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் யார் வாங்கினார்கள் என்பது எங்கள் கேள்வியில் இல்லை. தாய் அருந்தினார் என்பது மட்டும் போதும். அது உண்மைதான். புருஷனிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம், நாங்களாக வாய் திறக்க மாட்டோம் என்றார்.

அப்போதுதான் அழுதாள்.

ஜூலை 10, வியாழன்

இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. அறையை ஒட்டடை அடித்தேன்.

ஜூலை 16, புதன்

நிரோஷா பந்துக்காக ஒரு முறை காத்திருந்தாள். ஒரே ஒரு முறை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் துடிக்க உட்கார்ந்திருந்தாள். கையை அப்படி வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பந்து வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் ஒன்றும் அப்படி இளகிய ஆள் இல்லை. கண்ணில் தூசி விழுந்தது.

ஜூலை 21, திங்கள்

ஊர் வாய் இருக்கிறதே. யோகேஸ்வரி எங்கள் அறையிலிருந்து அழுதுகொண்டு போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். கிளாரா சிஸ்டர் வீடு வீடாகப் போய்ப் பிராந்தியைப் பற்றிக் கேட்டது ஊருக்கே தெரியும். கொழுந்து எடை போடும் கொட்டகையில் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். சாமியார் வீட்டு அம்மா மாசமாக இருந்தபோது திருட்டுத்தனமாகக் குடித்ததாம், அதனால்தான் பிள்ளை இப்படியாம். பெரிய டாக்டரே எழுதி வைத்திருக்கிறாராம்.

கிளாரா சிஸ்டர் வந்து சொல்லிவிட்டு, "நான் யார்கிட்டயும் மூச்சு விடல உமையாள்" என்று சத்தியம் செய்தார். நம்புகிறேன். யோகேஸ்வரி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லையாம். தராசில் கூடையை வைத்தாள், எடை சொன்னதும் எடுத்துக்கொண்டு போனாளாம்.

ஜூலை 23, புதன்

பொன்னுத்துரை மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகவில்லை. வகுப்பு முடியும்வரை வெளியே மழையில் நின்றார். பிள்ளைகள் போனதும் உள்ளே வந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. இன்று கேட்டேன்.

"என் பொண்டாட்டி குடிச்சான்னு எழுதினது யாரு டீச்சர்?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவளக் கேட்டா ஆமா குடிச்சேன், உனக்குத் தெரியாதுங்கறா. பொய் சொல்றா. யாரு இப்படிச் சொல்லச் சொன்னது? அவ திருட்டுத்தனமா எதுவும் பண்ணலைங்க. வாங்கிட்டு வந்தது நானு. கடை வாசல்ல எவனும் பாத்துரக் கூடாதுன்னு மூஞ்சியில துண்டைக் கட்டிக்கிட்டு நின்னு வாங்கினேன். அது மருந்துங்க. என் கையால கலக்கிக் குடுத்தேன். அவளுக்கு அந்த வாசனையே ஆகாது, வேணாம் வேணாம்னு அழுவா. நான்தான் மூக்கைப் பிடிச்சு ஊத்துனேன். இதுக்குப் போயி அவளைக் குடிகாரின்னா என்னா அர்த்தம்?"

அவர் அவளைக் காப்பாற்ற வந்திருந்தார். தன்னைத்தான் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமலே.

நான் சும்மா இருந்திருக்கலாம். எழுத்துப் பிழை, திருத்திவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நாங்களாக வாய் திறக்க மாட்டோம் என்று யோகேஸ்வரியிடம் சொன்ன வாக்கும் இருந்தது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது, அது எப்போதும் என்னை மாட்டிவிடும். அவராகவே உட்கார்ந்தார்.

"அதுவா டீச்சர்?"

"ஆமாங்க."

"மருந்துதான அது?"

"இல்லைங்க. உடம்புக்குச் சூடு மாதிரித் தெரியும். வயித்துல இருக்கற பிள்ளைக்கு அது ஆகாது. உங்களுக்கு யாரும் சொல்லல. எங்களுக்குமே கேக்கத் தெரியல."

வெளியே நிரோஷா மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார்.

"கொஞ்சமாக் குடுத்திருந்தா ஒன்னும் ஆயிருக்காதா?"

எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆபத்தில்லை என்று எங்களால் சொல்ல முடியாது. அதை எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. முதலில் போன குழந்தை குளிரால் போயிருக்காது, அதற்கு வேறு ஏதோ காரணம் இருந்திருக்கும் என்று சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். அப்படியானால் பிராந்திக்கே தேவை இருந்திருக்காது, அது ஆறுதல் இல்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

எழுந்து போகும்போது வாசலில் நின்றார்.

"யோகேஸுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் தன் தலையில போட்டுக்கிட்டாளா?"

தலையாட்டினேன். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

ஜூலை 24, வியாழன்

கிளாரா சிஸ்டர் அவர்கள் வீட்டுக்குப் போய் வந்தார். இருவரும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்களாம். பேச்சில்லை. ஆனால் சோறு பொங்கியிருந்ததாம். சோறு பொங்கியிருந்தது என்று கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது.

ஜூலை 30, புதன்

நிரோஷா வந்தாள். கூட இரண்டு பேரும் வந்தார்கள். பொன்னுத்துரை இளைத்திருந்தார். லயத்தில் எல்லோரிடமும் அவரே சொல்லிவிட்டாராம், குடுத்தது நான் என்று. கொட்டகையில் பேசியவர்கள் இப்போது யோகேஸ்வரியின் முகத்தைப் பார்ப்பதில்லையாம். பாதிப் பேர் வீட்டில் இதே மருந்துதானே ஓடியிருக்கிறது.

"டெல்லியிலேருந்து வர்றவங்ககிட்ட நானும் பேசலாமா டீச்சர்?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

வந்தார்கள். ஒரு பேராசிரியை, ஒரு அதிகாரி. அம்மையார் நல்ல மாதிரி. தேயிலைத் தோட்டத்தைப் பார்த்து ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டார். திருத்திய விவரங்களை டாக்டர் காட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்படித் தப்பு நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று கேட்டுக்கொண்டே எழுதினார். குடிக்காத வீட்டில்தான் அதிகம் என்றபோது பேனா நின்றுவிட்டது.

பொன்னுத்துரை வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மூக்கைப் பிடித்து ஊற்றியதைச் சொல்லும் இடத்தில் எனக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. அம்மையார் பரவாயில்லை என்று கையைக் காட்டினார்.

"எந்த லயத்துக்குக் கூப்புட்டாலும் வந்து சொல்றேன். எனக்கு இனி வெக்கம் இல்ல. இந்த வகுப்பை மட்டும் நிறுத்திராதீங்க. பாப்பா இங்க வந்துதான் கொஞ்சம் அடங்கியிருக்கா. எனக்கு ராத்திரி வேலை, யோகேஸுக்குக் காட்டு வேலை. எங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுக்கத் தெரியாது."

பிறகு வகுப்பைப் பார்த்தார்கள். பந்து விளையாட்டு. நிரோஷா கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் முடிக்கும்வரை காத்திருந்தாள். மூன்று பிள்ளைகள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்த்தது ஒரு குழந்தை சும்மா உட்கார்ந்திருந்ததை. அவர்மேல் தப்பில்லை, அவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சும்மா உட்காரும் பிள்ளைகளாக இருக்கும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. தடுப்புப் பணிக்கு முழு நிதி. எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ச் சொல்லலாம், சுவரில் படம் ஒட்டலாம், ஒவ்வொரு கர்ப்பிணியையும் தனியாகக் கேட்கலாம். கேட்டதற்குமேல் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கண்டுபிடிப்பைப் பாராட்டி ஒரு பத்தி.

கடைசியில் ஒரு வரி. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கான வகுப்பின் பலன் போதிய அளவில் நிரூபிக்கப்படவில்லை, ஆகவே இம்முறை அதற்கு ஒதுக்கீடு இல்லை.

பலனை நிரூபிக்க வகுப்பு நடக்க வேண்டும். வகுப்பு நடக்க நிதி வேண்டும். நிதிக்குப் பலனை நிரூபிக்க வேண்டும். நான் டாக்டரிடம் இதைச் சத்தமாகவே சொன்னேன். கதவை அறைந்து சாத்தவும் செய்தேன். இனிப் பிறக்கப் போகிற பிள்ளைகளுக்கு எல்லாம் உண்டு, வேண்டும்தான், யார் இல்லை என்றது. பிறந்து எதிரில் நிற்கிறவளுக்கு?

டாக்டர் இரண்டு டீ சொன்னார். அடுத்த வருடத்துக்கு வகுப்புக்கென்று தனியாக விண்ணப்பிப்போம் என்றார். அடுத்த வருடம்.

சென்னைக்குப் பதில் எழுத வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்

வகுப்பு இல்லை. மழை என்று சொல்லி அனுப்பினோம். மழை பெய்யவும் செய்தது.

பொன்னுத்துரையிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டத்தில் அவர்தான் பேசப் போகிறார், அதற்கு முன்னால் சொல்லி மனுஷனை ஏன் கலைக்க வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். எனக்கு நேரமும் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

எஸ்டேட் மண்டபத்தில் கூட்டம். பக்கத்து எஸ்டேட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். ஆண்கள் வரமாட்டார்கள் என்று பந்தயம் கட்டாத குறையாகச் சொன்னேன். வந்திருந்தார்கள். சாமியார் என்ன சொல்லப் போகிறார் என்று பார்க்க.

அவர் மைக்கைப் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. முன்வரிசையில் யோகேஸ்வரி மகளை மடியில் வைத்திருந்தாள். அவளே எழுந்து நின்றாள்.

"நான் மாசமா இருந்தப்ப பிராந்தி குடிச்சேன்" என்றாள்.

"நான் குடுத்தேன்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. குளிர், துண்டைக் கட்டிக்கொண்டு கடையில் நின்றது, மூக்கைப் பிடித்தது, எதையும் விடவில்லை. "அக்கறையிலதான் குடுத்தேன். நீங்களும் அக்கறையிலதான் குடுப்பீங்க. குடுக்காதீங்க. கம்பளி வாங்கிக் குடுங்க, அடுப்பு மூட்டிக் குடுங்க, அவ பங்கு வெறகை நீங்க சொமந்துட்டு வாங்க." பின்னால் சுவரில் சாய்ந்து சிரிக்கத் தயாராக நின்ற ஃபாக்டரி ஆட்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

நடுவரிசையிலிருந்து ஒரு சின்னப் பையன் மாதிரி இருந்தவன் எழுந்தான். பக்கத்தில் அவன் மனைவி, மசக்கையில் முகம் வெளுத்திருந்தது. என்ன கேட்கப் போகிறான் என்று பார்த்தேன். எவ்வளவு குடுத்தீங்க, எத்தனை மாசம் குடுத்தீங்க என்று கேட்பான் என்று நினைத்தேன்.

"இப்ப பாப்பா எப்படிண்ணே இருக்கு?"

பொன்னுத்துரை யோகேஸ்வரியின் மடியில் இருந்த மகளைப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடிப் பிடித்தார்.

"டீச்சர்தான் சொல்லணும். அவங்கதான் பாப்பாவுக்கு வகுப்பு நடத்தறாங்க. புதன்கிழமை புதன்கிழமை."

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. வகுப்பு நின்றுவிட்டது என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"தன் முறை வர்றவரைக்கும் காத்திருக்கக் கத்துக்கிட்டா. இன்னும் நிறைய இருக்கு. கத்துக்குவா. இந்த வாரமும் வகுப்பு இருக்கு. உங்க பிள்ளைங்க யாராவது இப்படி இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

அந்த மசக்கைப் பெண், "யாரு வேணா வரலாமா டீச்சர், இல்ல பேரு குடுத்தவங்க மட்டுமா?" என்று கேட்டாள்.

"யாரு வேணா வரலாம்."

உட்கார்ந்தேன். எந்த நிதியில், யாருடைய சம்பளத்தில் என்று டாக்டர் கேட்பார் என்று காத்திருந்தேன். கூட்டம் முடிந்தது, தேநீர் கொடுத்தார்கள், நாற்காலிகளை அடுக்கினோம், அவர் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறும்போதுதான் திரும்பினார்.

"பிள்ளைக்காம்பரா சாவியை எஸ்டேட் ஆஃபீஸ்ல ஒப்படைச்சுட்டியா, உமையா?"

"இல்ல டாக்டர். என்கிட்டதான் இருக்கு."

"சரி" என்றார்.